காரக்குழம்பும் இடுப்பு வலியும்

பச்சை மிளகாயைக் கடித்தால் நாக்கு எரிகிறது. ஆனால் நாக்கு சுட்டுப்போகவில்லை, கொப்புளமும் இல்லை. மிளகாயில் இருக்கும் கேப்சைசின், நரம்பு நுனியில் சூட்டை உணர்வதற்கென்றே இருக்கும் ஒரு புரதத்தைத் தூண்டிவிடுகிறது. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் விழிக்க வேண்டிய புரதம் அது. மிளகாய் பட்டாலும் விழித்துக்கொண்டு, ‘சுடுகிறது’ என்றே சேதி அனுப்புகிறது. 1997-இல் இதைக் கண்டு சொன்னது கலிஃபோர்னியாவில் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு. 2021-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்கும் ஆர்டெம் படபூட்டியனுக்கும் சேர்த்துக் கிடைத்தது. கடுகு நெடி மூக்கில் ஏறுவதும் புதினா வாயில் குளிர்வதும் இதே குடும்பத்துப் புரதங்களின் வேலைதான்.

காயமே இல்லாமல் எரிச்சல் வரும் என்பதைச் சாப்பாட்டு வேளை தவறாமல் நாமே நிரூபித்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் இரண்டு வருடமாக இடுப்பு வலியோடு திரியும் ஒருவரிடம் “ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையே, எல்லாம் மனசுலதான் இருக்கு” என்று சொல்லும்போது மட்டும் இந்தப் பாடம் மறந்துபோகிறது. உடம்பில் கோளாறு தெரிந்தால் வலி நிஜம், தெரியாவிட்டால் நடிப்பு என்று இரண்டே கணக்கு வைத்திருக்கிறோம். நாள்பட்ட வலிக்காரர்கள் பலர் இரண்டிலும் சேராதவர்கள்.

வலி எப்படி உண்டாகிறது என்று பார்க்க, ஒரு மெஸ்ஸின் சமையலறைக்குள் போவோம். பின்வாசலில் சரக்கு வந்து இறங்குகிறது. அங்கே ஸ்டோர்காரர் ஒருவர் நின்று, வந்ததை அளந்து உள்ளே அனுப்புகிறார். அடுப்படியில் மாஸ்டர். முன்பக்கம் இலை போட்டு உட்கார்ந்திருப்பவர் நீங்கள். இலையில் வந்து விழும் காரக்குழம்புதான் வலி. உடம்பில் எங்கோ அடி, சூடு, வீக்கம் என்று நரம்பு சுமந்துவரும் சேதி, மிளகாய் மூட்டை. மூட்டையை யாரும் இலையில் கொட்டுவதில்லை. குழம்பாக வைத்தால்தான் பரிமாற முடியும். எவ்வளவு காரம் என்பது மூட்டையின் எடையைப் பொறுத்தது, மாஸ்டரின் கையையும் பொறுத்தது. மிளகாய் வராத நாளில் மிளகைத் தட்டிப்போட்டுக் காரம் ஏற்றவும் அவருக்குத் தெரியும்.

முதலில் சரக்கு வரும் வழி. கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டால் சுரீரென்று ஒரு வலி. ஒரு நொடி கழித்து, விண்விண்ணென்று இன்னொரு வலி. இரண்டும் இரண்டு ஆட்கள் கொண்டுவருவது. முதல் சேதி, மெல்லிய கொழுப்புறை போர்த்திய நரம்பிழைகளில் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் பைக்கில் வருகிறது. இரண்டாவது, உறையே இல்லாத இழைகளில் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் நடந்து வருகிறது. கால் விரலிலிருந்து தண்டுவடம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரம் என்பதால் அந்த ஒரு நொடி இடைவெளி.

பின்வாசல் என்பது தண்டுவடத்தின் பின்பக்கச் சாம்பல் பகுதி. எல்லாச் சேதியும் அங்கே நின்றுதான் மேலே போக வேண்டும். ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965-இல் எழுதிய கட்டுரையில், இந்த இடத்தில் ஒரு வாயில் இருக்கிறது, அது திறந்தும் மூடியும் சேதியைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது என்றார்கள். அவர்கள் வரைந்த படத்தின் நுணுக்கங்களில் சில பிற்பாடு திருத்தப்பட்டன, அடிப்படை நின்றுவிட்டது. இடித்த இடத்தை அம்மா பரபரவென்று தேய்த்துவிட்டதும் வலி தணிவதற்குக் காரணம் பாசம் மட்டுமில்லை. தொடுகைச் சேதி பெருங்கூட்டமாக வந்து பின்வாசலை அடைத்துக்கொள்ள, மிளகாய் மூட்டை வெளியே காத்து நிற்கிறது.

அதைவிட முக்கியம், உள்ளேயிருந்து பின்வாசலுக்குப் போகும் உத்தரவு. மூளைத்தண்டிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப் பாதைகள் இரண்டு விதமாகவும் பேசும்: ‘போதும், அங்கேயே வை’ என்றும் சொல்லும், ‘இன்னும் அனுப்பு’ என்றும் சொல்லும். இரண்டாம் உலகப் போரில், 1944-இல் இத்தாலியின் அன்சியோ போர்முனையில் ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மயக்க மருத்துவர், படுகாயத்தோடு வந்த சிப்பாய்களிடம் வலிக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டுப் பார்த்தார். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்றார்கள். பின்னாளில் சாதாரண மருத்துவமனையில், அவ்வளவு பெரிய காயம் இல்லாத அறுவைச்சிகிச்சை நோயாளிகளிடம் கேட்டபோது பெரும்பாலோர் மருந்து கேட்டார்கள். சிப்பாய்க்கு அந்தக் காயம் உயிரோடு வீடு திரும்பும் சீட்டு. மற்றவருக்கு அது வாழ்க்கையில் விழுந்த இடி. மூட்டை பெரிதாக இருந்தும் மாஸ்டர் ஒரு சிட்டிகைதான் எடுத்தார்.

இதை ‘மன தைரியம்’ என்று ஒதுக்கிவிட முடியாதபடி செய்தது 1978-இல் நடந்த ஓர் ஆய்வு. ஜான் லெவின், நியூட்டன் கார்டன், ஹோவர்ட் ஃபீல்ட்ஸ் மூவரும் ஞானப்பல் பிடுங்கியவர்களுக்கு மருந்தில்லாத ஊசி போட்டார்கள். சிலருக்கு வலி குறைந்தது. அப்படிக் குறைந்தவர்களுக்கு, அபின் வகை மருந்தின் வேலையை முறிக்கும் நலோக்ஸோனைக் கொடுத்ததும் வலி ஏறியது. அதாவது நம்பிக்கையால் வந்த நிவாரணம் உடம்பே சுரந்த எண்டார்ஃபின் போன்ற பொருட்களின் வழியாக வந்திருந்தது. மனசு என்று நாம் கைகாட்டும் இடத்திலும் ரசாயனம்தான் ஓடுகிறது.

எதிர்த்திசையிலும் ஓடும். 1995-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த சிறு குறிப்பு இது. 29 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் மேலிருந்து குதித்தபோது 15 சென்டிமீட்டர் ஆணி பூட்ஸைத் துளைத்துக்கொண்டு மேலே வந்துவிட்டது. ஆணி இம்மி அசைந்தாலும் துடித்தார். மயக்க மருந்து கொடுத்து ஆணியை உருவி, பூட்ஸைக் கழற்றினால், ஆணி இரண்டு விரல்களுக்கு நடுவே போயிருக்கிறது. காலில் கீறல்கூட இல்லை. அந்த மனிதர் நடித்தார் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. கண் கொடுத்த தகவலை நம்பி மாஸ்டர் முழுக் காரத்தில் குழம்பு வைத்துவிட்டார்.

இந்த உவமையை எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூளைக்குள் மாஸ்டர் என்று தனியாக ஒருவர் உட்கார்ந்திருக்கவில்லை. வலிக்கென்று ஒரே ஒரு மையமும் கிடையாது. தொடுகை, கவனம், நினைவு, பயம், அசைவுத் திட்டம் எல்லாவற்றையும் கையாளும் பகுதிகள் சேர்ந்துதான் அதைச் செய்கின்றன. முக்கியமாக, உங்களைக் கேட்டுச் செய்வதில்லை. ‘வலியை மூளைதான் உண்டாக்குகிறது’ என்று சொன்னால் ‘அப்ப நானா வரவழைச்சுக்கறேன்?’ என்று பலர் கோபப்படுகிறார்கள். நியாயமான கோபம். இலை முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அடுப்படியில் நேரடி அதிகாரம் இல்லை. செரிமானத்தை நாம் எவ்வளவு நடத்துகிறோமோ அவ்வளவுதான் வலியையும் நடத்துகிறோம்.

சாதாரணமாக, காயம் ஆறியதும் சரக்கு நின்று, குழம்பும் நின்றுவிடும். மூன்று மாதத்துக்கு மேலும் தொடர்ந்தாலோ அடிக்கடி திரும்பத் திரும்ப வந்தாலோ நாள்பட்ட வலி என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் 2022-இல் நடைமுறைக்கு வந்தபோது இதற்குத் தனி இடம் கொடுத்தது. வேறொரு நோயின் அறிகுறியாக இல்லாமல், வலியே நோயாக இருக்கக்கூடும் என்பதை ஏற்றுக்கொண்ட இடம் அது.

அந்த மாதங்களில் சமையலறைக்குள் என்ன நடக்கிறது? ஓயாமல் மிளகாய் இறக்கிய ஸ்டோர்காரருக்குக் கை பழகிவிடுகிறது. ஒரு மூட்டை வந்தால் இரண்டாக எழுதி உள்ளே அனுப்புகிறார். கொத்தமல்லிக் கட்டு வந்தாலும் மிளகாய்க் கணக்கிலேயே சேர்க்கிறார். தொடர்ந்து சேதி வந்தால் தண்டுவட நரம்பணுக்களே மிகைத்துப் பதில் சொல்லத் தொடங்குகின்றன என்று 1983-இல் கிளிஃபர்ட் உல்ஃப் விலங்குச் சோதனையில் காட்டினார். அணுக்களின் இணைப்புகள் வலுத்துவிடுகின்றன. சின்னத் தூண்டலுக்கும் பெரிய பதில் கிளம்புகிறது. போர்வை உரசினாலே காந்துவதும், வலது இடுப்பில் தொடங்கியது மெல்ல இடதுக்கும் தொடைக்கும் பரவுவதும் இதனால் நேரக்கூடும். நோயாளி மிகைப்படுத்திச் சொல்கிறார் என்று நாம் நினைப்பது, பல நேரம் அவருடைய நரம்பு மண்டலம் செய்யும் மிகை.

அடுப்படியும் மாறுகிறது. சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் வானியா அப்காரியனின் குழு, முதுகு வலி புதிதாக வந்தவர்களைத் தொடர்ந்து மூளைப் படம் எடுத்துப் பார்த்தது. 2013-இல் அவர்கள் எழுதியபடி, வலி நிலைத்துவிட்டவர்களிடம் மூளையின் செயல்பாடு, புலனுணர்வைக் கவனிக்கும் பகுதிகளை விட்டு உணர்ச்சிகளைக் கவனிக்கும் பகுதிகளுக்கு நகர்ந்திருந்தது. அதே முதுகு, அதே வலி. வைக்கிற அடுப்பு மட்டும் வேறு. பயமும் சலிப்பும் தூக்கமின்மையும் எந்த அடுப்பில் கொதிக்கின்றனவோ அதே அடுப்பில் இப்போது வலியும் கொதிக்கிறது. உடம்பா மனசா என்ற கேள்வியை இதற்குப் பிறகும் கேட்டுக்கொண்டிருப்பதில் எனக்குப் பொருள் தெரியவில்லை.

ஸ்கேன் விஷயத்துக்கு வருவோம். இடுப்பு வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தால் ‘டிஸ்க் விலகியிருக்கு’, ‘ஜவ்வு தேஞ்சுபோச்சு’, ‘நரம்பை அழுத்துது’ என்ற மூன்றில் ஒன்றோடுதான் பெரும்பாலும் வீடு திரும்புகிறோம். 2015-இல் 33 ஆய்வுகளைத் தொகுத்து, முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் படங்களைப் பார்த்தார்கள். டிஸ்க் தேய்மானம் இருபதுகளில் இருப்பவர்களிடமே 37 சதவீதம், ஐம்பதுகளில் 80, எண்பதுகளில் 96. டிஸ்க் புடைப்பு ஐம்பதுகளில் 60 சதவீதம். வலியே இல்லாதவர்கள், நினைவிருக்கட்டும். தலை நரைப்பதுபோல முதுகும் நரைக்கிறது. எனவே படத்தில் தேய்மானம் தெரிவதாலேயே அதுதான் வலிக்குக் காரணம் என்றாகாது. தெரியாததால் வலி பொய் என்றும் ஆகாது.

என் எண்ணத்தில், ‘ஒண்ணுமில்ல’ என்பதைவிட ‘தேஞ்சுபோச்சு’ அதிகம் கெடுக்கிறது. தேய்ந்தது வளராது என்று நமக்குத் தெரியும். குனியாதே, எடை தூக்காதே, கீழே உட்காராதே என்று வீடே காவலுக்கு நிற்கிறது. மாஸ்டருக்கு அதுவே போதும்: இடுப்பு ஆபத்தான இடம், குனிவது ஆபத்தான காரியம் என்று காரத்தை ஏற்றிவைக்கிறார். ஜோஹன் விலாயனும் ஸ்டீவன் லிண்டனும் 2000-இல் தொகுத்து எழுதிய சுழல் இதுதான். வலி பயத்தைக் கொண்டுவரும், பயம் அசைவைத் தவிர்க்க வைக்கும், தவிர்ப்பதால் தசை வலுவிழந்து மூட்டு இறுகும், இறுகிய உடம்பை அசைத்தால் இன்னும் வலிக்கும். இதில் தசை வலுவிழப்பது கண்ணால் பார்க்கக்கூடிய உடல் மாற்றம். தொடங்கியது பயத்தில்.

விதிவிலக்குகளைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. கால் வலுவிழந்துகொண்டே வருவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு தவறுவது, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்திருப்பது, வயதானவர் விழுந்த பிறகு வரும் வலி: இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனை. அங்கே மூட்டை உண்மையாகவே பெரிது.

மற்றபடி, அன்றாடம் குழம்பின் காரத்தை ஏற்றுவது எது? தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடும், வலி கூடினால் தூக்கம் கெடும். தூக்கம் போய் வலி கூடுவது, வலியால் தூக்கம் போவதைவிட உறுதியாகத் தெரிகிறது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கடன், மாமியாருக்குப் பணிவிடை, வேலை போய்விடுமோ என்ற கவலை, ‘இவளுக்கு எப்பவும் ஏதாவது ஒண்ணு’ என்று அடுத்த அறையில் கேட்கும் பேச்சு, எல்லாம் மாஸ்டரின் காதில் விழுகின்றன. இவை வலிக்குச் சாக்கு என்று நினைப்பவர்கள், அன்சியோவின் சிப்பாய்களை இன்னொரு முறை நினைத்துப் பார்க்கலாம்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது வேறொன்று, நல்ல நாள். வலிக்காரர்களின் வீட்டில் கெட்ட நாளைவிட நல்ல நாள்தான் சேதம் செய்கிறது. “இன்னைக்குக் கொஞ்சம் தேவலையா இருக்கு” என்று காலையில் சொல்லிவிட்டு, போர்வை துவைத்து, பரண் இறக்கி, மாவாட்டி, சாயங்காலம் கோயிலுக்கும் போய்வந்தால் அடுத்த இரண்டு நாள் படுக்கை. மாஸ்டர் கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்றே: நடமாட்டம் என்றால் முழுக் காரம். மூன்றாம் நாள் எழுந்து நின்றாலே குழம்பு கொதிக்கத் தொடங்குகிறது.

சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த வில்பர்ட் ஃபோர்டைஸ் என்ற உளவியலாளர் இதைக் கண்டுகொண்டவர்களில் முன்னோடி. வலி வந்தால் நிறுத்து, வலி இல்லையென்றால் ஓடு என்ற கணக்கைத் தூக்கிப்போட்டு, கடிகாரத்தைப் பார்த்து நடக்கச் சொன்னார். பன்னிரண்டு நிமிடம் நின்றால் இடுப்பு கடுக்கும் என்றால் எட்டு நிமிடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். கெட்ட நாளிலும் எட்டு, நல்ல நாளிலும் எட்டு. ஒரு வாரம் கழித்து ஒன்பது. கேட்கச் சப்பென்று இருக்கும். நல்ல நாளில் எட்டோடு நிறுத்துவதற்கு, கெட்ட நாளில் எட்டு நிற்பதைவிட மன உறுதி வேண்டும். காரம் குறைந்த குழம்பு இலையில் விழுந்து, ஒன்றும் ஆகவில்லை என்று திரும்பத் திரும்பத் தெரிந்தால்தான் மாஸ்டரின் கை மாறும். வாயால் சொல்லி மாற்ற முடியாது.

ஃபோர்டைஸ் வேலை பார்த்த வலிச் சிகிச்சை மையத்தை உருவாக்கிய ஜான் பொனிகாவும் சுவாரசியமான ஆள். மயக்க மருத்துவர். படிப்புச் செலவுக்காக முகமூடி போட்டு மல்யுத்தம் செய்தவர். அதில் கெட்ட மூட்டுகளின் வலியோடு ஆயுள் முழுக்க வாழ்ந்தவர். மருத்துவர், உளவியலாளர், உடற்பயிற்சி நிபுணர் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே நோயாளியைப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தினார். 1953-இல் அவர் எழுதிய தடித்த புத்தகம்தான் வலி மருத்துவத்தைத் தனித் துறையாக நிறுத்தியது. தன் உடம்பில் படித்த பாடமும் அதற்குள் போயிருக்கும் என்று நான் ஊகிக்கிறேன்.

இப்படிச் சேர்த்துப் பார்ப்பதில் என்ன கிடைக்கும்? 2023-இல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், முதுகு வலியால் முடங்கிய 492 பேரில் ஒரு பகுதியினருக்கு, பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டுகள் பன்னிரண்டு வாரத்தில் ஏழு முறை வரை உட்கார்ந்து பேசி, பயந்த அசைவுகளை ஒவ்வொன்றாகச் செய்யப் பழக்கி, தூக்கத்தையும் நடமாட்டத்தையும் சீராக்கினார்கள். வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட அவர்களுடைய முடக்கம் கணிசமாகக் குறைந்து, ஒரு வருடம் கழித்தும் அப்படியே நின்றது. எல்லா ஆய்வுகளும் இவ்வளவு நல்ல சேதி சொல்வதில்லை. பேச்சு வழிச் சிகிச்சையின் பலன் பல இடங்களில் சிறிதுதான். ஆனால் வருடக்கணக்காக டைக்ளோஃபெனாக் விழுங்குவதற்கு ஈடாக வயிறும் சிறுநீரகமும் கொடுக்கும் விலை இதில் இல்லை.

மாத்திரை பற்றி இரண்டு வார்த்தை. அமிட்ரிப்டிலினோ டுலோக்ஸெட்டினோ எழுதிக் கொடுத்தால், வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடிப் பார்த்து, ‘மனநோய் மாத்திரையைக் கொடுத்துட்டாங்க’ என்று குப்பையில் போடுபவர்கள் உண்டு. மூளைத்தண்டிலிருந்து பின்வாசலுக்குப் போகும் ‘போதும்’ என்ற உத்தரவைப் பலப்படுத்துவதற்காகவே இவற்றைக் கொடுக்கிறார்கள். அமிட்ரிப்டிலினை மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த அளவில். எழுதிக் கொடுக்கும்போதே இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும், அந்த ஒரு நிமிடம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. தலைவலிக்காரர்களுக்கு இன்னொரு கணக்கு: சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல், மாதக்கணக்கில் போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது “வலி உயிர் போகுது சார்” என்பதோடு இன்னும் நான்கு விஷயம் சொல்லிப் பார்க்கலாம். இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறேன். உட்காராமல் எத்தனை நிமிடம் நிற்க முடிகிறது. வலிக்குப் பயந்து எந்த வேலையை விட்டுவிட்டேன். மருந்துக்கடையில் நானாக வாங்கியதும் சேர்த்து வாரத்துக்கு எத்தனை மாத்திரை. பழைய ஸ்கேன் உறையைக் கடைசியில் நீட்டினால் போதும்.